அப்பாவின் காலடியில் ஒரு பள்ளி மாணவன்: காந்தியடிகளின் பதின்ம வயது

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நம் மக்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்கு இனிப்புநீர். காலில் ஆறாத புண். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். கிளினிக்கில் தாதி காட்டிக்கொடுத்தபடி புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றுவது நான்காம் படிவத்திலோ ஐந்தாம் படிவத்திலோ படிக்கும் மகன், அல்லது மகள். பள்ளி முடிந்ததும் நண்பர்கள் திடலுக்குப் போவார்கள். இந்தப் பிள்ளை வீட்டுக்கு ஓடும்.

ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்னால் குஜராத்தில் ராஜ்கோட் என்ற ஊரிலும் இப்படி ஒரு மாணவன் இருந்தான். பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி அப்பாவின் புண்ணைக் கட்டிய அந்தப் பையனின் பெயர் மோகன்தாஸ். பின்னாளில் உலகமே மகாத்மா என்று அழைத்தது அவரைத்தான்.

உப்பு சத்தியாக்கிரகமும் கைராட்டையும் நமக்குத் தெரியும். ஆனால், நோயாளியான தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டே வளர்ந்த அந்தப் பையனை நம்மில் பலர் அறிந்ததில்லை. அந்த நாட்களில் ஓர் இரவு ஏற்படுத்திய காயம் அவருக்கு ஆயுள் முழுவதும் ஆறவில்லை.

திவான் வீட்டுப் பிள்ளை

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி, போர்பந்தர் சமஸ்தானத்தின் திவான். ஊரார் அவரைக் கபா காந்தி என்றே அழைத்தார்கள். தாயார் புத்லிபாய், கரம்சந்தின் நான்காவது மனைவி. முன்னர் மூன்று முறை மணந்த பிறகே அவர் புத்லிபாயை மணந்தார். அந்த மணத்தில் பிறந்த ஒரு மகளும் மூன்று மகன்களும் சேர்ந்த நால்வரில் கடைக்குட்டி மோகன்தாஸ். அவர் பிறந்தபோதே தந்தைக்கு 47 வயது ஆகியிருந்தது.

மோகன்தாசுக்கு ஏழு வயதிருக்கும்போது குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் கரம்சந்த் திவானாக இருந்தார். பெரிதாகப் படித்தவர் அல்ல. ஆனால் அனுபவ அறிவு நிறைந்தவர், நேர்மையானவர், கையூட்டுக்கு மசியாதவர். கோபம் மட்டும் சட்டென்று வந்துவிடும். பதவியில் இருந்தும் சொத்து சேர்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் விட்டுச்சென்றது மிகவும் கொஞ்சம்.

தோளில் தூக்கிய சிரவணன்

மோகன்தாஸ் கூச்ச சுபாவம் உள்ள பையன். பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் விரும்பிப் படித்ததில்லை. ஒருநாள், அப்பா வாங்கி வைத்திருந்த ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. பார்வையற்ற பெற்றோர் மீது சிரவணன் கொண்டிருந்த பக்தியைச் சொல்லும் நாடகம் அது. படித்து முடிக்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

அதே சமயத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டுகிறவர்கள் அவர்கள் ஊருக்கும் வந்தார்கள். அவர்கள் காட்டிய படங்களில் ஒன்று, பெற்றோரைத் தூளியில் உட்கார வைத்துத் தோளில் சுமந்து யாத்திரை போகும் சிரவணன். தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி சுமப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி எளிதில் புரியும். சிரவணன் இறந்ததும் பெற்றோர் புலம்பும் பாட்டை, அப்பா வாங்கித் தந்திருந்த கான்சர்டினா என்ற இசைக்கருவியில் வாசித்துப் பழகினான் மோகன்தாஸ். தானும் சிரவணனைப் போல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவன் மனத்தில் ஊன்றிவிட்டது.

கட்டுகளோடு வந்த அப்பா

மோகன்தாசுக்கு 13 வயதிலேயே திருமணம் நடந்தது. மணமகள் கஸ்தூர்பாய்க்கும் அதே வயதுதான். செலவைக் குறைப்பதற்காக, அண்ணன் கர்சன்தாஸ், உறவுப் பையன் ஒருவர், மோகன்தாஸ் ஆகிய மூவருக்கும் ஒரே நேரத்தில் போர்பந்தரில் திருமணம் ஏற்பாடானது.

ராஜ்கோட்டுக்கும் போர்பந்தருக்கும் இடையே 120 மைல். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டியில் போனால் ஐந்து நாள் ஆகும். திவானைப் பிரிய மனமில்லாத ராஜ்கோட் மன்னர் கடைசி நேரம்வரை அவருக்கு விடை கொடுக்கவில்லை. பிறகு தனிக் குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்து விரைவாக அனுப்பி வைத்தார். மூன்றாம் நாள் வண்டி குடை சாய்ந்தது. கரம்சந்துக்குப் பலத்த அடி.

உடம்பெல்லாம் கட்டுகளோடுதான் அவர் மகன்களின் திருமணத்துக்கு வந்து சேர்ந்தார். வலியை முகத்தில் காட்டாமல் சடங்குகளை நடத்தி முடித்தார். புத்தாடையும் மேளச் சத்தமும் தந்த மகிழ்ச்சியில் 13 வயதுப் பையன் அப்பாவின் காயத்தைப் பெரிதாக எண்ணவில்லை. பிற்காலத்தில் அந்த நாளை நினைத்தபோது அவருக்கு வந்தது வருத்தம்தான்.

ஓராண்டுப் படிப்பும் வீணானது. ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்பியபோது மோகன்தாஸ் ஒரு குடும்பஸ்தன். அப்பாவின் உடல்நிலையும் படிப்படியாகச் சரியத் தொடங்கியது.

மேகமூட்டமான சனிக்கிழமை

கரம்சந்தைப் படுக்கையில் தள்ளியது பவுத்திர நோய். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர்கள் மூன்று பேர்: மனைவி புத்லிபாய், வீட்டில் நெடுநாள் இருந்த ஒரு வேலைக்காரர், மோகன்தாஸ். புண்ணைக் கழுவிக் கட்டுவது, வேளாவேளைக்கு மருந்து கொடுப்பது, வீட்டிலேயே தயாரிக்க வேண்டிய மருந்துகளைக் கலந்து வைப்பது ஆகியவை மோகன்தாசின் வேலை. இரவில் அப்பாவின் கால்களைப் பிடித்துவிடுவான். போதும் என்று அவர் சொல்ல வேண்டும், அல்லது கண்ணயர வேண்டும். அதன்பிறகுதான் படுக்கப் போவான். மாலையில் உலாவப் போவதென்றாலும் அப்பா அனுமதித்த நாளிலோ, அவர் சற்றுத் தெளிவாக இருக்கும் நாளிலோதான்.

பள்ளியில் இதைப் புரியவைப்பது சிரமமாக இருந்தது. தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி கண்டிப்பானவர். மாணவர்களின் அன்பையும் பெற்றவர். மேல் வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் அவர் கட்டாயமாக்கினார். இன்றைய நம் பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கை போன்றதுதான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், விலக்கு அளியுங்கள் என்று மோகன்தாஸ் கேட்டான். அவர் அதை ஏற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை. காலையில் வகுப்பு, மாலை 4 மணிக்கு உடற்பயிற்சி. இடையில் வீட்டுக்கு வந்த மோகன்தாஸ் அப்பாவுக்கான வேலைகளில் மூழ்கினான். கையில் கடிகாரம் இல்லை. வானம் மேகமூட்டமாக இருந்ததால் பொழுது போனதும் தெரியவில்லை. பள்ளிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள்.

மறுபடியும் பள்ளி திறந்தபோது தலைமையாசிரியர் காரணம் கேட்டார். நடந்ததைச் சொன்னான். அவர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விழுந்தது. காசு போனது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பொய் சொன்னதாகக் கருதப்பட்டதுதான் அவனைச் சுட்டது. அதற்காக அழுதான்.

கடைசியில், மகன் பள்ளி முடிந்ததும் தமக்கு வீட்டில் தேவைப்படுகிறான் என்று படுக்கையில் கிடந்த கரம்சந்தே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார். விலக்கு கிடைத்தது. பையன் சொல்லி நடக்காதது பெரியவர் எழுதிய ஒரு கடிதத்தில் நடந்தது.

கண்ணீரில் நனைந்த காகிதம்

மோகன்தாஸ் குறையே இல்லாத பிள்ளையாக இருந்துவிடவில்லை. அந்த வயதின் சபலங்கள் அவனுக்கும் இருந்தன. திருட்டுத்தனமாகப் பீடித் துண்டு புகைத்திருக்கிறான். சைவக் குடும்பத்தில் பிறந்தவன், நண்பனோடு சேர்ந்து மறைவாக இறைச்சியும் தின்றிருக்கிறான். 15 வயதில், அண்ணன் பட்டிருந்த 25 ரூபாய்க் கடனை அடைப்பதற்காக அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் பொன்னை வெட்டி எடுத்தான்.

கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. அப்பாவிடம் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. அடிப்பார் என்ற பயம் அல்ல. நோயில் கிடப்பவர் தன்னால் இன்னும் வேதனைப்படுவாரே என்ற கவலை. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினான். தண்டனை கொடுக்கும்படி கேட்டான். தன் தவறுக்காக அப்பா தம்மையே வருத்திக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினான். இனித் திருடுவதில்லை என்று உறுதி கூறினான்.

கரம்சந்த் வெறும் மரப்பலகையில் படுத்திருந்தார். தாளை நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான் மகன். எழுந்து உட்கார்ந்து படித்தார் அப்பா. கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாளை நனைத்தது. சற்று நேரம் கண்ணை மூடி யோசித்தார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கோபக்காரர் என்று பெயரெடுத்தவர் அன்று காட்டிய அமைதியை மகன் மறக்கவே இல்லை. அகிம்சை என்றால் என்ன என்று தாம் முதலில் கற்ற பாடம் அதுதான் என்று பிற்காலத்தில் கருதினார்.

அந்த இரவு

நோய் முற்றியது. ஆயுர்வேத வைத்தியர்கள் களிம்பு தடவினார்கள். ஹக்கீம்கள் பற்றுப் போட்டார்கள். நாட்டு வைத்தியர்களும் வந்து போனார்கள். ஓர் ஆங்கிலேய மருத்துவர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். இந்த வயதில் அது வேண்டாம் என்று குடும்ப மருத்துவர் தடுத்தார். பம்பாய்வரை போய், அறுவை செய்துகொள்ளாமலே திரும்பினார்கள். உடல் தளர்ந்த நிலையிலும், காலைக் கடன்களைப் படுக்கையில் முடிக்க மறுத்து எழுந்து போவதில் பிடிவாதமாக இருந்தார் கரம்சந்த்.

நிலைமை மோசமானதும் சித்தப்பா வந்து சேர்ந்தார். அண்ணன் தம்பிகளுக்குள் அப்படி ஒரு பாசம். பகல் முழுவதும் அண்ணனின் அருகிலேயே இருந்து, இரவில் மற்றவர்களைத் தூங்க அனுப்பிவிட்டுத் தாமே கட்டிலருகில் படுத்துக்கொள்வார்.

1885ஆம் ஆண்டு அது. மோகன்தாசுக்கு 16 வயது. கஸ்தூர்பாய் கருவுற்றிருந்தார். அன்று இரவு பத்தரை, பதினொன்று மணி இருக்கும். மோகன்தாஸ் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் சித்தப்பா சொன்னார். அவன் மகிழ்ச்சியோடு எழுந்து மனைவியின் அறைக்குப் போனான். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினான்.

ஐந்தாறு நிமிடம்கூட ஆகியிருக்காது. வேலைக்காரர் கதவைத் தட்டினார். அப்பாவுக்கு மிகவும் முடியவில்லை என்றார். அது எதைக் குறிக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடினான். அப்பா போய்விட்டார்.

கடைசி நேரத்தில் கரம்சந்த் தாளும் பேனாவும் கேட்டுச் சைகை செய்து, இறுதிக் காரியங்களுக்குத் தயார் செய்யும்படி எழுதிக் காட்டியிருக்கிறார். கையில் கட்டியிருந்த தாயத்தையும் கழுத்தில் கிடந்த துளசி மணி மாலையையும் அறுத்து எறிந்திருக்கிறார். எத்தனையோ இரவுகள் காலடியில் உட்கார்ந்திருந்த மகன் அந்த நிமிடத்தில் பக்கத்தில் இல்லை. சித்தப்பாவின் மடியில் அந்த உயிர் பிரிந்தது.

கஸ்தூர்பாய்க்குப் பிறந்த குழந்தையும் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் தங்கவில்லை. காந்தியின் குற்ற உணர்ச்சியைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. மாமனாரையும் முதல் குழந்தையையும் இழந்து நின்ற 16 வயதுப் பெண்ணின் துயரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் சத்தமில்லாமல் பாரம் சுமக்கும் மருமகளையும் மகளையும் நாமும் பல நேரம் கவனிப்பதில்லை.

மற்றவர் புண்ணுக்கு மருந்து

1888இல் மோகன்தாஸ் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்றார். 1891இல் பம்பாய் வந்து இறங்கிய பிறகுதான், அம்மாவும் காலமாகிவிட்டார் என்ற செய்தியை அண்ணன் சொன்னார். அயல்நாட்டில் தனியாகத் தவிக்க வேண்டாம் என்று மறைத்து வைத்திருந்தார்கள். இரு பெற்றோரின் கடைசி நேரத்திலும் அவர் அருகில் இல்லை.

1893இல் ஒரு வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கேதான் நம் கதையும் அவர் கதையும் ஒன்று சேர்கின்றன. நம் முன்னோர் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தது போலவே, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போயிருந்தார்கள்.

1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவருடைய அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்றார். துரைமார் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். வழக்கை நீதிபதியிடம் கொண்டுபோய், பாலசுந்தரத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றச் செய்தார். இந்தச் செய்தி சென்னை மாகாணம்வரை எட்டியது.

தொழுநோயாளி ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, வெறும் சோறு போட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் தங்கவைத்து, புண்களைக் கழுவிக் கட்டினார். பிறகு அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தார். பார்சி ருஸ்தம்ஜியின் நன்கொடையில் டர்பனில் ஒரு சிறிய இலவச மருத்துவமனை தொடங்கியதும், டாக்டர் பூத் என்பவரின் கீழ் நாள்தோறும் காலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தார். நோயாளிகளில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்களான தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள். அப்பாவுக்கு மருந்து கலந்து பழகிய கை, தோட்டத் தொழிலாளிகளுக்கு மருந்து கலந்தது.

1899இல் போயர் போர் மூண்டபோது, ஏறக்குறைய 1,100 இந்தியர்கள் கொண்ட ஆம்புலன்ஸ் படையை அமைத்தார். காயம்பட்ட வீரர்களைத் தூக்கிக்கொண்டு நாளொன்றுக்கு 20 மைலுக்கும் மேல் நடந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்களே. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் பரவியபோதும் நோயாளிகளின் பக்கத்தில் நின்றார். 1944இல் சிறைவைக்கப்பட்டிருந்த ஆகாகான் மாளிகையில் கஸ்தூர்பா உயிர் பிரிந்தபோது அவர் தலை காந்தியின் மடியில் இருந்தது. தந்தைக்குக் கிடைக்காத அந்த மடி மனைவிக்குக் கிடைத்தது.

ஆயினும் 1885ஆம் ஆண்டின் அந்த இரவு அவரை விடவில்லை. 1925இல் தம் சுயசரிதையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 56 வயது. நாடறிந்த தலைவர். அப்போதும் அந்த ஐந்தாறு நிமிடங்களை மறைக்காமல் எழுதி, அதை அழிக்க முடியாத களங்கம் என்றே கருதினார். 40 ஆண்டுகளாகியும் தம்மை அவர் மன்னிக்கவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

காந்தியடிகள் தம்மீது சொன்ன தீர்ப்பு அது. அதை நம் பிள்ளைகள்மீது நாம் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் புண்ணைக் கட்டி, மருந்து கலந்து, கால் பிடித்த 16 வயதுப் பையன், ஒரு பெரியவர் அனுமதித்த பிறகே எழுந்து போனான். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் மனம் அப்படி நினைக்காது. அம்மா மயங்கி விழுந்தபோது நான் டியூஷனில் இருந்தேன், அப்பா போனபோது நான் தூங்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் புழுங்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நோய் மட்டுமல்ல, குடியில் விழுந்த அப்பாவையும், மனம் உடைந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

அவர்களுக்கு நாம் செய்யக்கூடியவை அந்தக் கதையிலேயே இருக்கின்றன. படுக்கையில் கிடந்தும் கரம்சந்த் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். பிள்ளையின் வீட்டு நிலைமையைப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டியது பெரியவர்களின் வேலை. வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பெற்றோரோ மாமாவோ அத்தையோ ஒருமுறை போய்ப் பேசினால், வராததற்குக் காரணம் சோம்பல் என்று யாரும் எண்ண மாட்டார்கள்.

சித்தப்பா வந்து, நீ போய்ப் படு என்றார். அவரைப் போல் ஓர் உறவினர், ஓர் அண்டை வீட்டார் வாரத்தில் இரண்டு மாலை வந்து உட்கார்ந்தால் போதும். அந்தப் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும், பந்து விளையாடும், நிம்மதியாகத் தூங்கும். யாரும் இல்லாத வீடுகள் சமூக நல இலாகாவை அணுகலாம். தாலியான் காசிஹ் 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்றும் தேவை. எல்லாம் முடிந்து, துக்க வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு, அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து உட்கார வையுங்கள். நீ செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்துவிட்டாய், உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.